சின்னத்திரையும் சீனப் புதினமும்

"தொலைக்காட்சி வந்தது, நூலகம் வெறிச்சோடியது" என்று கல்வியாளர் பலர் வருந்தக் கேட்கிறோம். மாலை நேரத்தில் புத்தகத்தைக் கையிலேந்த வேண்டிய இளைஞர் சின்னத்திரையின் முன் அமர்ந்துவிடுகின்றனர் என்பது பெற்றோர்தம் நெடுநாளைய குறை. இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், இலக்கியத்திற்குத் தொலைக்காட்சி செய்த தீங்கு இதுதானா, அன்றி வேறொன்றா என்பதை எவரும் எளிதில் ஆராய்வதில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து மரபும், உலகிலேயே மிகுதியான தொலைக்காட்சிப் பார்வையாளர்களும் ஒருங்கே அமைந்த நாடு சீனம். அந்நாட்டின் அண்மைக்கால இலக்கியத்தைச் சின்னத்திரை எவ்வாறு மாற்றியது என்று காண்பது இவ்வினாவிற்கு விடை காண உதவும்.

நம் கருத்தை முதற்கண் கூறிவிடுகிறோம். தொலைக்காட்சி சீன இலக்கியத்தின் வாசகர்களைப் பறிக்கவில்லை. மாறாக, வாசகர்களைத் தேடித் தந்தது. அதனால் விளைந்த கேடு வாசகரிடத்தில் இல்லை, எழுதுவோரிடத்தில் உள்ளது.

தோற்றம்

பீகிங் தொலைக்காட்சி நிலையம் 1958ஆம் ஆண்டு மே முதல் நாளன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் சீனத்தின் முதல் தொலைக்காட்சி நாடகம் ஒளிபரப்பாயிற்று. உணவை வீணாக்கலாகாது என்னும் படிப்பினையைக் கூறும் சிறு நாடகம் அது. பதிவு செய்யும் வசதி அன்று இல்லாமையால் நடிகர் நடிக்க நடிக்க நேரடியாகவே ஒளிபரப்பினர். நகரில் அன்று இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளும் மிகச் சிலவே. பண்பாட்டுப் புரட்சி நிகழ்ந்த 1966 முதல் 1976 வரையிலான பத்தாண்டுகளில் இலக்கியமும் நாடகமும் ஒருசேர முடங்கின. 1978இல் அந்நிலையம் சீன மத்தியத் தொலைக்காட்சி என்று பெயர் மாற்றம் பெற்றது. அடுத்த பத்தாண்டுகளுள் தொலைக்காட்சி நகர இல்லங்கள் பலவற்றுள் புகுந்துவிட்டது.

அதே பத்தாண்டுகளில்தான் சீன இலக்கியமும் மறுமலர்ச்சி கண்டது. ஆக, தற்காலச் சீன இலக்கியமும் சீனத் தொலைக்காட்சியும் ஒரே காலத்தில் ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகள் எனல் பொருந்தும்.

பழங்கதைக்குப் புதுமேடை

சீனப் புதினத்தின் வேர் அங்காடித் தெருவில் உள்ளது. சொங் அரச மரபுக் காலத்திலேயே கதைசொல்லிகள் நகரங்களின் கேளிக்கைக் கூடங்களில் மக்களைக் கூட்டிக் கதையுரைத்தனர். கதை உச்சத்தை எட்டும் வேளையில் நிறுத்தி, மேலே நிகழ்ந்ததை அடுத்த முறை கேட்க வருமாறு அழைப்பது அவர்தம் வழக்கம். அவ்வழக்கமே பின்னாளில் ஏட்டில் ஏறி, அத்தியாயந்தோறும் ஆவலைத் தூண்டி நிறுத்தும் நெடும்புதின வடிவமாயிற்று. தொலைக்காட்சித் தொடரின் ஒவ்வொரு பகுதியும் முடிகின்ற முறையும் இதுவேயன்றோ? சீனர்க்குத் தொடர் என்பது அயலிலிருந்து வந்த புதுமையன்று. பாட்டனார் கேட்ட கதையின் மறுவடிவமே.

ஆதலின், அந்நாட்டின் நான்கு பெரும் பழம்புதினங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையேறியதில் வியப்பில்லை. 'மேற்கு நோக்கிய பயணம்' 1986 முதல் 25 பகுதிகளாகவும், 'செம்மாளிகைக் கனவு' 1987இல் 36 பகுதிகளாகவும், 'மூன்று அரசுகளின் கதை' 1994இல் 84 பகுதிகளாகவும், 'நீர்க்கரை வீரர்' 1998இல் 43 பகுதிகளாகவும் ஒளிபரப்பாயின. இவற்றுள் 'மேற்கு நோக்கிய பயணம்' நமக்கும் ஓரளவு உறவுடையது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்து, காஞ்சி மாநகரையும் கண்டு சென்ற யுவான் சுவாங்கின் யாத்திரையே அப்புதினத்தின் கரு. எழுத்தறியா முதியோரும் பள்ளி செல்லாச் சிறாரும் இத்தொடர்களால் தம் நாட்டுப் பேரிலக்கியங்களை அறிந்துகொண்டனர். இது பெருந்தொண்டே, இதனை மறுப்பது நேர்மையாகாது.

ஆயின், ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். 'செம்மாளிகைக் கனவு' இயற்றிய சாவ் சுயேசின் அங்காடிக் கதைசொல்லியின் வடிவத்தைத்தான் கையாண்டார். ஆனால் அங்காடிக்காக எழுதவில்லை. வறுமையுற்ற நிலையில் எழுதினார். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்நூல் கையெழுத்துப் படிகளாகவே உலவியது. 1791இல்தான் அச்சேறியது. சந்தை தந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, சந்தையின் கட்டளையை ஏற்காது எழுதியமையால் அது காலத்தை வென்றது. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

கோட்டைக்குக் கிடைத்த மறுவாழ்வு

தொலைக்காட்சி ஒரு நூலுக்கு உயிர்கொடுக்கக்கூடும் என்பதற்குத் தலைசிறந்த சான்று சியான் சோங்ஷுவின் 'முற்றுகையிடப்பட்ட கோட்டை'. 1947இல் நூலாக வெளிவந்த இப்புதினம், மக்கள் குடியரசு அமைந்தபின் முப்பது ஆண்டுகள் சீனப் பெருநிலத்தில் மறுபதிப்புக் காணவில்லை. 1980இல் மீண்டும் அச்சிடப்பட்டபோதும் கற்றோர் வட்டத்தைத் தாண்டவில்லை. 1990இல் ஹுவாங் ஷுசின் என்னும் பெண் இயக்குநர் இதனைப் பத்தே பகுதிகள் கொண்ட தொடராக்கினார். அதன்பின் நாடெங்கும் மக்கள் இந்நூலைத் தேடி வாங்கினர். போலிப் பதிப்புகள் பெருகும் அளவிற்கு அதன் புகழ் பரவிற்று.

ஐரோப்பாவில் கல்வி கற்கச் சென்று, படிப்பை முடிக்காமல், இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயரால் முனைவர் பட்டம் ஒன்றை விலைக்கு வாங்கித் திரும்பும் ஓர் இளைஞனின் கதை அது. போர்க்காலத்தில் உள்நாட்டுக் கல்லூரி ஒன்றில் அவன் ஆசிரியனாகிறான். அங்கு நிகழும் பொறாமைகளையும் பதவிப் போட்டிகளையும் சியான் எள்ளி நகையாடும் பக்கங்களை, கல்லூரி ஆசிரியர் எவரும் புன்முறுவலின்றிப் படித்தல் அரிது. திருமணம் முற்றுகையிடப்பட்ட கோட்டை போன்றது, வெளியிலிருப்போர் உள்ளே நுழைய விழைவர், உள்ளிருப்போர் வெளியேற விழைவர் என்னும் பிரெஞ்சுப் பழமொழியே நூலின் பெயருக்கு மூலம்.

இத்தொடரின் வெற்றிக்குக் காரணம் நோக்கத்தக்கது. அந்நூலின் உயிர் கதையில் இல்லை. ஆசிரியர் அடுக்கும் உவமைகளிலும் அங்கதத்திலும் உள்ளது. உவமையைப் படம்பிடிக்க இயலாது. இதனை உணர்ந்த இயக்குநர் ஆசிரியர் கூற்றைப் பின்னணிக் குரலாக ஒலிக்கச் செய்தார். திரை, சொல்லுக்கு இடம் கொடுத்தது. தொடரைக் கண்டோர் நூலைத் தேடினர்.

புகழ் வந்த பின்னரும் சியான் திரைமுன் தோன்றவில்லை. தம்மைக் காண விழைந்த ஒருவரிடம், முட்டை சுவையாக இருந்தால் போதாதா, அதனை இட்ட கோழியையும் காண வேண்டுமா என்று அவர் வினவியதாகக் கூறுவர். இந்த அடக்கம் பின்வந்தோரிடம் அருகிப்போயிற்று.

எழுத்தாளர் திரைக்குச் சென்ற காலம்

'முற்றுகையிடப்பட்ட கோட்டை' ஒளிபரப்பான அதே 1990இல் 'ஏக்கம்' என்னும் ஐம்பது பகுதித் தொடரும் வெளிவந்தது. கைவிடப்பட்ட குழந்தையொன்றைத் தன் குழந்தையாக வளர்க்கும் தொழிலாளப் பெண்ணின் கதை அது. அதனைக் காணும் நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின என்பர். இக்கதை தனியொருவர் உள்ளத்தில் கருக்கொண்டதன்று. எழுத்தாளர் சிலர் ஒன்றுகூடி, பார்வையாளர் எதற்கு அழுவர், எதற்கு மகிழ்வர் என்று கணித்துத் திட்டமிட்டது. அக்குழுவில் ஒருவர், அன்று இளைஞர் விரும்பிப் படித்த வாங் ஷுவோ. அடுத்து வந்த 'பதிப்பாசிரியர் குழுவின் கதைகள்' என்னும் நகைச்சுவைத் தொடரிலும் அவர் பங்கு கொண்டார். 1992இல், நாற்பது வயதுகூட நிரம்பாத அவருடைய படைப்புகள் நான்கு தொகுதிகளாக வெளியாயின. பேனா பிடித்தோர் வறுமையில் வாட வேண்டியதில்லை என்பதை அவர் வாழ்வு உணர்த்திற்று. அக்காலத்தில் எழுதத் தொடங்கிய இளைஞர்க்கு அது பெரும் ஈர்ப்பாய் அமைந்ததில் வியப்பில்லை.

இந்நிலை கண்டு சான்றோர் சிலர் அஞ்சினர். 1993இல் 'ஷாங்காய் இலக்கியம்' இதழில் வாங் சியாவோமிங் முதலிய ஆய்வாளர் நிகழ்த்திய உரையாடல், 'மானுட உணர்வு' பற்றிய விவாதமாக நாடெங்கும் பரவியது. இலக்கியம் கேளிக்கைப் பொருளாகிவிட்டது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. ஹுய் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த எழுத்தாளர் சாங் செங்சி, பேனாவையே கொடியாக ஏந்துவேன் என்னும் கருத்தமைந்த கட்டுரையால் வணிக எழுத்திற்கு எதிர்நின்றார். வடமேற்குச் சீனத்தில் ஒரு சூஃபி நெறியினர் தலைமுறை தலைமுறையாகப் பட்ட துயரங்களை 'உள்ளத்தின் வரலாறு' என்னும் நூலில் 1991இல் வடித்தவர் அவர். மறுபுறம், மூத்த எழுத்தாளர் வாங் மெங், வாங் ஷுவோவுக்குப் பரிந்து பேசினார். உயர்ந்த சொற்களைக் கூறியே மக்களை வதைத்த காலம் ஒன்று இருந்ததையும், வாங் ஷுவோவின் கேலி அப்போலிப் பெருமிதத்தை உடைத்ததையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இருதரப்பிலும் நியாயம் உண்டு என்றே கருதுகிறோம். பண்பாட்டுப் புரட்சியின் முழக்கங்களைக் கேட்டு நொந்தவர்க்குச் சிரிப்பும் ஒரு விடுதலையே. எனினும், பார்வையாளர் விரும்புவதைக் கணித்து எழுதும் பழக்கம் ஒருமுறை படிந்தால், விரும்பாததை எழுதும் துணிவு மெல்ல மெல்லக் குன்றும். இலக்கியத்தின் கடமைகளுள் ஒன்று, நாம் கேட்க விரும்பாததை நம்மிடம் கூறுதல்.

திரையை நோக்கி எழுதப்படும் நூல்

இருபத்தோராம் நூற்றாண்டில் நிலைமை மேலும் மாறியது. முன்பு நூல் எழுதப்பட்டுப் பின் தொடராயிற்று. இப்போது தொடராக வேண்டும் என்னும் எண்ணத்துடனேயே நூல் எழுதப்படுவது பெருவழக்காயிற்று. ஹாய் யான் போன்றோரின் குற்றவியல் புதினங்கள், காட்சி காட்சியாக, உரையாடல் மிகுந்து, திரைக்கதைக்குச் சற்றே முற்பட்ட வடிவில் அமைந்தன. மாய் ஜியா தம் 'மறைகணக்கு' என்னும் உளவுப் புதினத்திற்குத் தாமே திரைக்கதை எழுதினார். தொடர் பெரும்புகழ் பெற்றது. 2008இல் அந்நூலுக்கு நாட்டின் உயரிய புதினப் பரிசாகிய மாவ் துன் பரிசு வழங்கப்பட்டபோது, வெகுமக்கள் எழுத்திற்கு இப்பரிசு தகுமா என்னும் வினா எழுந்தது. நாம் அவ்வினாவை வேறுவிதமாகக் கேட்போம். உளவுக் கதையா, உழவர் கதையா என்பது பொருட்டன்று. அந்நூலின் சொல்லில் மீண்டும் படிக்கத் தூண்டும் ஆழம் உண்டா என்பதே பொருட்டு.

இவ்வகை எழுத்தின் நன்மையையும் கூறுதல் வேண்டும். லியு லியு எழுதிய 'நத்தைக்கூடு' 2009இல் தொடராகி, நகரில் ஒரு சிறு வீடு வாங்க இயலாது தவிக்கும் இளந்தம்பதியரின் துன்பத்தை ஊரறியச் செய்தது. வீட்டுவிலை பற்றியும் அதிகாரிகளின் ஊழல் பற்றியும் மக்கள் வெளிப்படையாகப் பேச அது வாய்ப்பளித்தது. நூலாக மட்டும் நின்றிருப்பின் இத்துணைப் பேரை எட்டியிராது.

ஆயினும் தொலைக்காட்சிக்கு இருவேறு தலைவர்கள் உளர். ஒருவர் விளம்பரதாரர், மற்றவர் அரசு. சீனத்தில் ஒவ்வொரு தொடரும் அரசின் ஒப்புதல் பெற்றே ஒளிபரப்பாதல் வேண்டும். நூலுக்கும் தணிக்கை உண்டெனினும், கோடிக்கணக்கானோர் காணும் தொடருக்குக் கட்டுப்பாடு மிகுதி. ஆகவே தன் நூல் திரையேற வேண்டும் என்று விரும்பும் எழுத்தாளர், எவரும் தடுக்கும் முன்னரே தம் கையால் தாமே சிலவற்றை அடித்துவிடுகிறார். அடித்த சொல்லைத் தணிக்கையாளரும் காண்பதில்லை, வாசகரும் காண்பதில்லை. சீன இலக்கியத்திற்குத் தொலைக்காட்சியால் நேர்ந்த பேரிழப்பு இதுவே என்று எண்ணுகிறோம்.

நடைக்கும் இழப்பு நேர்ந்தது. உரையாடலே கதையை நகர்த்துகிறது. பாத்திரத்தின் உள்ளத்துள் நுழைந்து, அங்கு முரண்படும் எண்ணங்களை நெடும்பத்திகளில் விரித்துரைக்கும் பொறுமை குறைகிறது. மழை பெய்வதை ஒரு வரியில் எழுதிவிட்டு மற்றதை ஒளிப்பதிவாளருக்கு விட்டுவிடுகின்றனர்.

திரையேறிய பேராசிரியர்

படைப்பிலக்கியத்திற்கு மட்டுமன்று, பழம்பெரும் நூல்களின் விளக்கவுரைக்கும் இதே நிலை நேர்ந்தது. மத்தியத் தொலைக்காட்சி 2001இல் தொடங்கிய 'நூறு அறிஞர் மேடை' என்னும் நிகழ்ச்சியில் பேராசிரியர் பலர் உரையாற்றினர். 2006இல் யூ டான் என்னும் பெண் பேராசிரியர் கன்பூசியசின் மொழிகளை எளிய அறிவுரைகளாக விளக்கினார். அவ்வுரைகளின் தொகுப்பு இலட்சக்கணக்கில் விற்றது. மூலநூலின் பொருள் திரிக்கப்பட்டது என்று ஆய்வு மாணவர் சிலர் சினந்தெழுந்தனர்.

ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். மக்கள் கன்பூசியசைக் கேட்க விழைந்தனர் என்பது இதனால் தெளிவாயிற்று. அவ்விழைவை அதுவரை வகுப்பறை நிறைவேற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. எளிமைப்படுத்தியவரைப் பழிப்பதினும், எளிமையும் துல்லியமும் இணையக் கற்பிப்பது கடினம் என்றாலும் பயனுடையது.

திரை எடுத்துச் செல்ல இயலாதவை

இத்தனை நெருக்கடியிலும் சீனத்தின் நல்ல எழுத்தாளர் சிலர் ஒரு வழியைக் கண்டனர். திரையைப் பகைக்காமல், திரையால் எடுத்துச் செல்ல இயலாத ஒன்றை நூலுக்குள் வைத்தனர்.

லியு ஜென்யுனின் 'கைப்பேசி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது முதலில் திரைப்படக் கதையாக எழுதப்பட்டுப் பின்னர்ப் புதினமாயிற்று; இரண்டும் 2003இல் வெளிவந்தன. 2010இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதன் தலைவனே தொலைக்காட்சியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்துபவன். உண்மையை உண்மையாகப் பேசுவதாகத் திரையில் புகழ்பெற்ற அவன், தன் கைப்பேசியில் பேசுவதெல்லாம் பொய். கதை இத்துடன் முடிந்திருப்பின் அது நல்ல திரைப்படம் என்ற அளவில் நின்றிருக்கும். ஆனால் புதினத்தின் இறுதிப் பகுதியில் லியு ஜென்யுன் பல்லாண்டு பின்னோக்கிச் செல்கிறார். தொலைபேசி இல்லாத அக்காலத்தில், வீட்டிற்குத் திரும்பி வா என்னும் ஒரு செய்தி வழிப்போக்கர் பலர் வாய்வழியே மாறி மாறிச் சென்று நெடுநாள் கழித்து மகனை அடைகிறது. ஒரு வாக்கியத்தைக் கொண்டு சேர்க்க மனிதர் பட்ட பாட்டையும், கையடக்கக் கருவியில் வாக்கியங்கள் மதிப்பிழந்ததையும் அருகருகே வைக்கும் இப்பகுதி திரைப்படத்தில் இல்லை. புதினம் எதற்காக வேண்டும் என்பதற்கு அப்பகுதியே விடை.

லூ யாவின் 'சாதாரண உலகம்' 1988இல் மத்திய வானொலியில் தொடர்ந்து வாசிக்கப்பட்டு ஊர்ப்புற இளைஞரைக் கவர்ந்தது. பின்னர் 2015இல் 56 பகுதித் தொடராகவும் வந்தது. ஆயினும் அந்நூலின் புகழுக்கு அடித்தளமிட்டது வானொலி. காரணம் எளிது. வானொலி ஆசிரியரின் சொல்லையே ஒலித்தது. முகங்களையும் வயல்களையும் கேட்போரின் உள்ளம் வரைந்துகொண்டது. லியாங் சியாவோஷெங்கின் மூன்று தொகுதிப் புதினமான 'மனித உலகு' 2022இல் 58 பகுதித் தொடராகி வீடுதோறும் பேசப்பட்டது. எனினும், நூலில் இருந்த கசப்புகள் சில திரையில் மென்மையாக்கப்பட்டன. நூலைத் தேடிப் படித்தோர் அக்கசப்பையும் பெற்றனர். லி ஜுவான் என்னும் பெண் எழுத்தாளர் கசாக் மேய்ப்பரிடையே வாழ்ந்து எழுதிய 'என் அல்தாய்' கட்டுரைகளில் தொடர்ந்து செல்லும் கதையே இல்லை. 2024இல் அதனை எட்டுப் பகுதிகளாகத் தொடராக்கியோர் கதையொன்றைப் புனைந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இவை எல்லாவற்றினும் சிறந்த சான்று ஜின் யூசெங்கின் 'மலர்கள்'. 2012இல் இதழில் வெளிவந்து, 2015இல் மாவ் துன் பரிசு பெற்ற இப்புதினம், ஷாங்காய் நகரின் அறுபதுகளையும் தொண்ணூறுகளையும் மாற்றி மாற்றிப் பின்னுவது. வட்டார வழக்கில் நடை அமைந்தது. ஒருவர் கேட்க மற்றவர் 'பேசவில்லை' என்று முடியும் இடங்கள் அதில் ஆயிரத்திற்கும் மேல். அச்சிறு சொல்லில் அச்சமும் வெட்கமும் துக்கமும் இடத்திற்கேற்ப மாறி மாறி ஒலிக்கின்றன. ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் இதனை 30 பகுதித் தொடராக்க, 2023 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை அது ஒளிபரப்பாயிற்று. தொண்ணூறுகளின் வணிக உலகையே பெரிதும் எடுத்துக்கொண்ட தொடர் அழகுமிக்கதே. கதை நிகழும் ஹுவாங்ஹே சாலையைக் காண மக்கள் திரண்டனர். நூலும் பெருவாரியாக விற்றது. ஆனால், 'பேசவில்லை' என்று எழுதப்பட்டதைப் படிப்பது வேறு, பேசாதிருக்கும் நடிகரின் முகத்தைக் காண்பது வேறு. முன்னதில் அம்மௌனத்தின் பொருளை நாமே தேடிக் கண்டுகொள்ள வேண்டும். பின்னதில் நடிகர் நமக்காகக் கண்டு தந்துவிடுகிறார்.

நிறைவுரை

சீனத்தின் பட்டறிவு நமக்குக் கூறுவது யாது? சின்னத்திரை நூல்களைக் கொல்லவில்லை. மறக்கப்பட்ட நூலை மீட்டது. எளியோரைப் பேரிலக்கியத்தின் வாயில்வரை அழைத்துச் சென்றது. எழுத்தாளர்க்கு ஊதியமும் தந்தது. இந்நன்றிக் கடனை மறத்தலாகாது. ஆயின், வாயில்வரை அழைத்துச் செல்வதே அதன் எல்லை. எழுதுவோர் அவ்வெல்லையையே தம் எல்லையாகக் கொள்ளும்போதுதான் இலக்கியம் மெலிகிறது.

சியான் சோங்ஷுவின் கோட்டை இவ்வுறவுக்கும் பொருந்தும். வெளியே நிற்கும் எழுத்தாளர் தொலைக்காட்சி என்னும் கோட்டைக்குள் நுழைய விழைகின்றனர். உள்ளே சென்றோர் தம் சொல்லை மீட்டுக்கொண்டு வெளியேற விழைகின்றனர். ஒரு நூலின் தகுதியை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. திரை எடுத்துக்கொள்ளத்தக்க அனைத்தையும் எடுத்துக்கொண்டபின், அந்நூலில் எஞ்சுவது என்ன என்று பார்த்தல் வேண்டும். உவமையோ, வாய்வழிச் சென்ற ஒரு செய்தியோ, ஆயிரம் முறை வந்த ஒரு மௌனமோ எஞ்சுமாயின் அது இலக்கியம்.

பெற்றோரும் பெரியோரும் தொலைக்காட்சிப் பெட்டியை அணைப்பதால் மட்டும் பிள்ளைகள் படித்துவிடப் போவதில்லை. தொடரைக் கண்டு முடித்த பிள்ளையின் கையில் அதன் மூலநூலை அன்றிரவே கொடுப்பது நற்பயன் தரும். திரையில் காணாத எதனை நூலில் கண்டாய் என்று மறுநாள் கேட்டால், அவ்வினாவே அவனுக்கு இலக்கியத்தின் முதற்பாடமாகும். எழுதத் துடிக்கும் மாணவர்க்கும் நாம் கூற விழைவது இதுவே: உங்கள் நூல் திரையேறுமாயின் மகிழுங்கள், ஆனால் எழுதும்போது திரையை நோக்காமல், தனித்திருந்து படிக்கும் ஒரு வாசகரை நோக்கி எழுதுங்கள்.